பரணிலிருந்து இறங்கிய மட்டையும் பத்து வருடப் பிசுக்கும்

மே மாதத்தில் பரணைத் திறக்கக் கூடாது. தெரிந்தும் திறந்தேன். அக்கா பையன் லீவுக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது, அந்த நான்கு நாளும் போனைக் கீழே வைக்கவில்லை. "உன் பேட்டு பரண்லதானடா கெடக்கு, எடுத்துக் குடேன். தெருப்பக்கமாவது தலையக் காட்டுவான்" என்றாள் அம்மா. ஏணி போட்டு ஏறி, சாக்குக்குள் கிடந்த மட்டையின் பிடியைப் பிடித்து இழுத்தேன். மட்டை வந்தது. கையைத்தான் திரும்ப எடுக்க முடியவில்லை.

திருச்சி வெயில், கான்கிரீட் கூரை, அதற்கு இரண்டடி கீழே பரண். பத்துக் கோடை அங்கே கிடந்த டேப் டேப்பாகவா இருக்கும்? மட்டையின் முகத்தில் மூன்று அடுக்கு ஃபைபர் டேப், அதற்கடியில் வாங்கும்போதே ஒட்டி வந்த பிளாஸ்டிக் ஷீட், இரண்டு விளிம்பிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப், பிடியில் ரப்பருக்குக் கீழே டபுள் டேப். தெருவில் டென்னிஸ் பந்து ஆடிய எல்லோருடைய மட்டையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. எங்கே விரிசல் விட்டாலும் அன்றைக்குக் கையில் கிடைத்த டேப்பைச் சுற்றுவோம். கழற்றுவதைப் பற்றி யார் யோசித்தார்கள்.

கூடவே இறங்கியவை: இரண்டு ஷட்டில் ராக்கெட், ஒரு கேரம் போர்டு, ஒரு டேபிள் டென்னிஸ் மட்டை, தொட்டால் ஒட்டுகிற ஒரு டார்ச் லைட். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பிசுக்கு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதிலேயே போனது.

முதலில் மட்டை. நகம் போட்டு உரிக்க டேப்பின் முனை தெரிய வேண்டும். தெரியவில்லை. முனை எல்லாம் அழுக்கும் பசையுமாக உருகி ஒன்றாகப் படிந்திருந்தது. பிளேடு நுனியால் நெம்பி ஒரு மூலையைக் கிளப்பினேன். ஃபைபர் டேப்பின் நூல் தனியாக வந்தது, பிளாஸ்டிக் செதில் செதிலாக உதிர்ந்தது, பசை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. கறுப்பு டேப் அதைவிட மோசம். அது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காக அதன் பிவிசியில் எண்ணெய் மாதிரி ஒரு இளக்கியைச் சேர்த்திருப்பார்கள். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அந்த இளக்கி பிளாஸ்டிக்கை விட்டுப் பசைக்குள் இறங்கிவிடும். அப்புறம் பிளாஸ்டிக் விறைத்துச் சுருங்கும், பசை கூழாகிவிடும். என் கையில் ஒட்டியது அந்தக் கூழ்தான்.

சூடு காட்டினால் பசை இளகும், டேப் நூலாகப் பிரியாமல் பட்டையாக வரும். இதற்கு ஹேர் டிரையர்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஹேர் டிரையர் கிடையாது, ஆனால் பதினொரு மணி மொட்டை மாடி இருக்கிறது. ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடி, மட்டையைப் பத்து நிமிடம் தளத்தில் வைத்தேன். அதற்கு மேல் வைக்கத் துணியவில்லை. இது காஷ்மீர் வில்லோ. மரத்தில் இருக்கும் கொஞ்சம் ஈரமும் வற்றிப்போனால் அடிபடும்போது வெடிக்கும். டிரையர் வைத்திருப்பவர்களும் ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெயிலில் இருந்து எடுத்ததும் நிழலில் உட்கார்ந்து உரித்தேன். இங்கே ஒரு கைப்பழக்கம் வேண்டும். டேப்பை மேலே தூக்கி இழுத்தால் மரத்தின் நாரும் சேர்ந்து கிளம்பும். டேப்பை அதன் முதுகின் மேலேயே மடித்து, மட்டையோடு படிந்தபடியே, நார் ஓடுகிற திசையில், பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இழுக்க வேண்டும். கட்டைவிரல் மடிப்புக்கு இரண்டு விரற்கடை பின்னாலேயே மரத்தை அழுத்திக்கொண்டு வர வேண்டும். முக்கால்வாசி அப்படித்தான் செய்தேன். கடைசி ஒரு சாண் இருக்கும்போது பையன், "மாமா, ஒரே இழுப்புல இழுங்க, வந்துரும்" என்றான். இழுத்தேன். அடிப்பக்கம் நகம் அளவுக்கு ஒரு சிலாம்பு கிளம்பிவிட்டது. அதன் அடியில் ஊசி முனையால் ஃபெவிகால் விட்டு, அழுத்தி, நூல் சுற்றி ஓரமாக வைத்தேன். அவனை மோர் கொண்டு வரச் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

டேப் போய்விட்டது. இனிதான் வேலை.

மரத்தின் மேல் தேன் தடவியது மாதிரி மஞ்சளாக ஒரு படலம். விளிம்பில் தார் மாதிரி கறுப்பு. அம்மா தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் எந்தப் பிசுக்குக்கும் அதுதான் மருந்து. பலாப்பழம் அரிந்த கைக்கு, கத்திக்கு, பாட்டிலில் ஒட்டிய லேபிளுக்கு. தவறும் இல்லை. ரப்பர் சார்ந்த பசை தண்ணீரோடு சேராது, எண்ணெயோடு சேரும். இனம் இனத்தோடே என்கிற கதைதான். பலாப்பாலும் அந்த வகைதான் என்பதால் கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அரிகிறோம். எவர்சில்வர், கண்ணாடி என்றால் நானே அந்தப் பாட்டிலை வாங்கியிருப்பேன். இது பூச்சு இல்லாத வெறும் மரம். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் இறங்கினால் காயாது, அங்கேயே இருக்கும். மட்டை கனக்கும், புது ஷீட் ஒட்டாது. ஆளி விதை எண்ணெய் அப்படியில்லை, காற்றுப் பட்டு இறுகிவிடும். அதனால்தான் மட்டைக்கு அதைத் தடவுகிறார்கள். அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "மரம் குடிச்சிரும்மா" என்றேன். "அதுவும் சரிதான்" என்று போய்விட்டாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நான்கு தேய்ப்பு. தாளின் சொரசொரப்பு முழுக்கப் பசை ஏறி வழவழவென்று கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. தேய்த்த சூட்டில் பசை இன்னும் நன்றாக மரத்தில் பரவியதுதான் மிச்சம். ஒரு தாள் வீண். பசை போன பிறகுதான் உப்புத்தாள்.

அடுத்து, மட்டையின் முதுகில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் மூன்று இடத்தில் மூன்று திரவத்தை வைத்துப் பார்த்தேன். மெடிக்கலில் வாங்கிய சர்ஜிகல் ஸ்பிரிட், பெயின்ட் கடை டர்பன்டைன், அப்புறம் ஜலதோஷத்துக்காக வீட்டில் இருந்த நீலகிரித் தைலம். ஸ்பிரிட் ஃபைபர் டேப் பசையை அசைக்கவில்லை, சும்மா இழுவி விட்டது. ஆனால் கம்பெனி ஷீட்டின் பசையை இட்லி மாவு மாதிரி வெளுக்க வைத்து உருட்டி எடுத்தது. காரணம் இருக்கிறது. ஸ்டிக்கர், ஷீட் போன்றவற்றில் இப்போது பெரும்பாலும் அக்ரிலிக் பசை. அதற்கு எண்ணெயைவிட ஸ்பிரிட் வகை நன்றாகப் பிடிக்கும். ஃபைபர் டேப், கறுப்பு டேப் எல்லாம் பெரும்பாலும் ரப்பர் வகை. ஒரே மட்டையில் இரண்டு இனம்.

டர்பன்டைன் ரப்பர் பசையைக் கரைத்தது. ஆனால் கொஞ்சம் எண்ணெய்த்தனம் விட்டுப்போனது, தலைவலியும் கொடுத்தது. நீலகிரித் தைலம்தான் ஜெயித்தது. யூகலிப்டஸ் இலையில் இருக்கும் சினியோல் என்கிற பொருள் நல்ல கரைப்பான். மார்பில் தடவும்போது குளிர்ச்சியாக ஏறுவதும் அதுதான், பசைக்குள் நுழைவதும் அதுதான். வேலை முடிந்ததும் ஆவியாகிப் போய்விடும், மரத்தில் தங்காது. ஊட்டி போனவர்கள் வாங்கி வந்து கொடுத்த புட்டி எல்லார் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கும். வாங்கும்போது கலப்படம் பார்க்க வேண்டும்: ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டு விசிறிக் காய வைத்தால் எண்ணெய்க் கறை மிஞ்சக் கூடாது.

செய்த விதம் இது. பழைய பனியனைக் கிழித்துத் தைலத்தில் நனைத்துப் பிழிந்து, பசையின் மேல் ஒரு பட்டையாகப் போட்டேன். அப்படியே விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடும். அதனால் கழுவிக் காயவைத்த பால் கவரைப் பிரித்து அதன் மேல் போர்த்தினேன். ஏழெட்டு நிமிடம். கவரைத் தூக்கினால் பசை மேலே சுருக்கம் விழுந்து, பால் ஆறும்போது ஆடை கட்டுமே, அந்த மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் காலாவதியான ஏடிஎம் கார்டைப் படுக்கையாகச் சாய்த்துத் தள்ளினால் சுருண்டு சுருண்டு வரும். கார்டைத் துடைத்துவிட்டு அடுத்த தள்ளு. ஒரு பட்டை முடிந்த பிறகு அடுத்த பட்டை. மொத்த மட்டைக்கும் சேர்த்து நனைத்துப் போட்டால் பாதி காய்ந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். கரைப்பான் என்று சொல்கிறோமே தவிர, முழுக்கக் கரைய வேண்டியதில்லை. பசை ஊறி உப்பினால் போதும், மரத்தை விட்டுவிடும். நான் இத்தனை வருடம் ஊற்றிய உடனே தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். தேய்த்தால் பசை மெலிசாகிப் பரவும். காத்திருந்தால் சுருளாகும்.

கடைசியில் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு லேசான பிசுபிசுப்பு மிஞ்சியது. அதற்கு முகப்பவுடர். தூவிவிட்டுக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் புழு புழுவாக உருண்டு வரும். ஊதிவிட்டு 120 நம்பர் உப்புத்தாள், பிறகு 220, எப்போதும் நார்ப் போக்கில். இப்போது தாள் அடைக்கவே இல்லை. வாங்கிய நாளிலிருந்து ஷீட்டுக்கு அடியிலேயே கிடந்த மரம் வெளியே வந்தது.

பிடியைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர் கிரிப்பைக் கத்தியால் கீறிக் கழற்றினேன், டபுள் டேப்பின் பசையை அதே தைலம் எடுத்தது. சுற்றியிருக்கும் நூலைக் கார்டால் சுரண்டக் கூடாது, துணியால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். நூல் அறுந்தால் பிடி போச்சு.

பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் கேட்டால் டபுள் பாயில்டைத்தான் எடுத்து வைப்பார்கள், கதவு ஜன்னலுக்கு அதுதான் ஓடும். அதில் சீக்கிரம் காய்வதற்காக மருந்து சேர்த்திருக்கும். மட்டைக்குப் பச்சை எண்ணெய்தான், ரா லின்சீட் என்று அழுத்திக் கேட்க வேண்டும். "என்னண்ணே, கதவுக்கா பேட்டுக்கா?" என்று கடைப் பையனே கேட்டான், மரியாதை வந்துவிட்டது. ஒரு ஸ்பூன் அளவை விரலால் முகத்திலும் விளிம்பிலும் தேய்த்து, பிடி வந்து செருகும் இடத்தை விட்டுவிட்டு, மட்டையைத் தரையில் படுக்கையாக வைத்தேன். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடப்போன அக்கா பையனை நிறுத்தினேன். இந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறி ஏறித் தீயே பிடிக்கும். இந்த வெயிலில் சொல்லவே வேண்டாம். தண்ணீர் வாளியில் முக்கி, பிழிந்து, கொடியில் விரித்துப் போட்டோம்.

மட்டை நன்றாக வந்த திமிரில்தான் கேரம் போர்டில் கை வைத்தேன்.

2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து பையனுக்குக் கேரம் மேல் ஒரு கண். எங்கள் போர்டில் ஒரு காலத்தில் நான்கு பேருக்கும் பெயர் எழுதிச் செலோடேப் போட்டு ஒட்டி வைத்திருந்தோம். பேப்பர் போய் டேப்பின் பழுப்புப் பசை நான்கு பக்கமும் நின்றது. எடுக்க வேண்டியது சின்ன இடம்தான், தைலம் போட்டுப் பால் கவர் மூடி யார் உட்கார்ந்திருப்பது என்று அக்காவின் நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு ஒரே துடைப்பு துடைத்தேன். பசை போனது. கூடவே பளபளப்பும் போனது. பஞ்சில் பழுப்போடு ஒரு சிவப்பு. குனிந்து பார்த்தால் அடிக்கிற கோட்டின் முனையில் இருந்த சிவப்பு வட்டம் கலங்கி, ஒரு பக்கம் தாடி முளைத்த மாதிரி இருந்தது. எண்ணி மூன்று விநாடி இருக்காது.

ரிமூவரில் இருப்பது பெரும்பாலும் அசிட்டோன். நகப் பூச்சைக் கரைப்பதற்கென்றே உள்ளது. போர்டின் மேல் இருப்பதும் ஒரு பூச்சுதானே, அது ஏன் விடப்போகிறது. எதை எடுக்கிறோம் என்று யோசித்தவன் எதன் மேலிருந்து எடுக்கிறோம் என்று யோசிக்கவில்லை. மீதி மூன்று பக்கத்துக்கும் எந்தத் திரவமும் தொடவில்லை. கட்டைவிரலும் பவுடரும், அதற்கும் வராத இடத்தில் புது செலோடேப்பை விரலில் திருப்பிச் சுற்றிப் பழைய பசையின் மேல் ஒற்றி ஒற்றி எடுத்தேன். புதுப் பசையோடு பழையது ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நிறையப் பொறுமை வேண்டும், ஆனால் போர்டுக்கு ஒன்றும் ஆகாது. அழித்த பக்கத்தில் இப்போது வெற்றிலை அளவுக்கு மங்கல். ஸ்ட்ரைக்கர் அதன் மேல் வரும்போது ஒரு தயக்கம் காட்டுகிறது. அந்தப் பக்கம் நானே உட்கார்ந்து ஆடுகிறேன்.

இதே காரணத்தால் ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் எடுக்கிறேன் என்று பெட்ரோல், தின்னர், ரிமூவர் எதையும் கொண்டு போகக் கூடாது. வெளி ஓடு ஏபிஎஸ் அல்லது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக், கண்ணுக்குத் தெரியாமல் நுண் விரிசல் விட்டு வலு போய்விடும். உள்ளே இருப்பது தெர்மாகோல் இனம், பெட்ரோல் பட்டாலே குழி விழும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர்த் துணியை ஒரு மணி நேரம் போட்டு வைத்து விரலால் உருட்டுவதுதான் வழி.

டேபிள் டென்னிஸ் மட்டைக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் காலத்தில் ரப்பரை ஒட்ட சைக்கிள் கடைப் பஞ்சர் சொல்யூஷன்தான், மோந்தாலே கிறுகிறுக்கும். 2008-இல் சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு அந்த மாதிரி ஆவியாகும் கரைப்பான் பசைகளைத் தடை செய்த பிறகு தண்ணீர்ப் பசைக்கு எல்லாரும் மாறினார்கள். இது அதற்குப் பிந்தைய மட்டை. ரப்பரை மூலையிலிருந்து மெல்ல உரித்தால், பசை காய்ந்த பாலாடையாகக் கட்டைவிரலுக்கு உருண்டு வந்துவிட்டது.

ராக்கெட்டின் கிரிப் வேறு கதை. அது பாலியூரித்தேன். காற்றின் ஈரத்திலேயே வருடக்கணக்கில் உடைந்து மாவாகிவிடும், அதைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தலாம் என்று நினைப்பது வீண் ஆசை. உரித்து எறிந்துவிட்டு, அடியில் இருந்த மரப்பிடியை ஸ்பிரிட் துணியால் துடைத்தேன். டார்ச் லைட்டும் இதே வியாதிதான். அதில் யாரும் பசை கொட்டவில்லை, ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கட்டும் என்று கம்பெனி பூசிய பூச்சே பிசுபிசுவென்று ஆகிவிட்டது. சோப்பு, எண்ணெய் எதற்கும் அசையாது. கொரோனா காலத்துச் சானிடைசர் ஒரு பாட்டில் கிடந்தது, ஜெல் வகை, வழியாமல் நிற்கும். அதைத் தடவி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் கறுப்பாக வந்தது. மூன்று முறை. அடியில் நல்ல பிளாஸ்டிக்.

நான் இதையெல்லாம் செய்துகொண்டிருந்த நேரத்தில் அம்மா சமையலறையில் புது எவர்சில்வர் டம்ளர் ஆறின் ஸ்டிக்கரை எடுத்து முடித்திருந்தாள். டம்ளரைக் கவிழ்த்து, உள்பக்கம் அடுப்புத் தணலில் ஐந்து எண்ணும் வரை காட்டி, சூட்டோடு சூடாக ஒரு ஓரத்தில் நகம் போட்டு இழுத்தாள். பசையும் சேர்ந்தே வந்துவிட்டது. பாட்டில் தைலம், பால் கவர், ஏடிஎம் கார்டு என்று தினத்தந்தி விரித்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

மட்டை மூன்று நாள் படுத்தே கிடந்தது. எண்ணெய் காயாமல் ஷீட் ஒட்டினால் குமிழ் விடும் என்று பையனைப் பிடித்து வைப்பது பெரும்பாடாகிவிட்டது. புதன்கிழமை புது ஷீட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குத் துணியால் அழுத்தி ஒட்டினேன். ஒரே அடுக்கு, அதற்கு மேல் இல்லை. முகத்தை மூடும் எதுவும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று கிரிக்கெட் விதியே இருக்கிறது, எங்கள் பழைய மூன்று அடுக்கும் ஷீட்டும் அதைத் தாண்டித்தான் இருந்திருக்கும். சிலாம்பு கிளம்பிய அடிப்பக்கத்துக்கு மட்டும் ஃபைபர் டேப் ஒரு சுற்று. சுற்றி முடித்து வெட்டும்போது முனையை மட்டையின் முதுகுப் பக்கம் கொண்டு வந்து, அரை விரற்கடை உள்ளே மடித்து அழுத்தினேன்.

"எதுக்கு மாமா மடிக்கிறீங்க?"

"உரிக்கிறப்போ நகம் போட எடம் வேணும்ல."

மட்டையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டான்.